ஐந்தாண்டில் ஒரு நிமிடம்

ஒன்றிய அரசின் புள்ளியியல், திட்டச் செயலாக்க அமைச்சகத்தின் திருச்சமூகத்துக்கு,

பழனி மலைத்தொடரிலிருந்து எழுதுகிறேன். 2025 பிப்ரவரி 25 அன்று தாங்கள் வெளியிட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வின் செய்திக்குறிப்பைக் கண்டு மேல்மலைப் பெண்கள் குலவை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தங்கள் மேல் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. குறிப்பைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே அவர்கள் சார்பிலும் நன்றியை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட, 15 முதல் 59 வயது வரையுள்ள இந்தியப் பெண்கள் அதற்கு 2019இல் நாளொன்றுக்கு 315 நிமிடம் செலவிட்டார்கள், 2024இல் அது 305 ஆகக் குறைந்துவிட்டது என்கிறீர்கள். எண்ணோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. ஊதியமில்லா வேலையிலிருந்து ஊதியம் தரும் வேலைக்குப் பெண்கள் நகர்வதை இது காட்டுகிறது என்று ஒரு பொழிப்புரையும் சேர்த்துவிட்டீர்கள். ஐந்து வருடத்தில் பத்து நிமிடம். இதற்குப் பாராட்டு விழா எடுத்தால் மேடையில் இருப்பவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்கவே அந்தப் பத்து நிமிடம் போதாது.

ஆனாலும் தாங்கள் அடக்கமானவர்கள். அதே குறிப்பில் இன்னொரு சாதனையும் இருக்கிறது, அதைத் தாங்கள் தம்பட்டம் அடிக்கவில்லை. ஆறு வயது நிரம்பிய எல்லோரையும் எடுத்துக்கொண்டால், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019இல் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், 2024இல் 289. இங்கும் பத்து நிமிடம் மிச்சம். ஆண்கள்? 2019இல் 97 நிமிடம், 2024இல் 88. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்த அதே ஐந்து வருடத்தில் ஆணுக்கு ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. நான்கு எண்களையும் பக்கம் பக்கமாக அச்சிட்டவர்கள் ஒரு கழித்தல் கணக்கைப் போடாமல் விட்டது பெருந்தன்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். 2019இல் இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி 202 நிமிடம். 2024இல் 201. அரை பத்தாண்டில் இந்தியக் குடும்பம் சமத்துவத்தை நோக்கி ஒரு நிமிடம் முன்னேறியிருக்கிறது. இந்த வேகம் தளராமல் தொடர்ந்தால் மீதி 201 நிமிடமும் தீர 1,005 ஆண்டுகள் ஆகும், கி.பி. 3029இல் கணவனும் மனைவியும் சரிசமமாகப் பாத்திரம் கழுவுவார்கள். ராஜேந்திர சோழன் காலத்திலேயே இந்த வேலையை ஆரம்பித்திருந்தால் இப்போது முடிந்திருக்கும். அவன் கங்கை வரை போய் நேரத்தை வீணாக்கிவிட்டான்.

தங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் இந்நேரம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “இது வேலையில் ஈடுபட்டவர்களின் சராசரி மட்டுமே, எல்லோரையும் சேர்த்துப் பாருங்கள்” என்று சொல்லியிருப்பார். நியாயமான ஆட்சேபம், பார்த்துவிடுவோம். 2024இல் ஆய்வு கேட்ட அந்த ஒரு நாளில் வீட்டு வேலை செய்த பெண்கள் நூற்றுக்கு 81.5 பேர், ஆண்கள் 27.1 பேர். அதாவது நூறில் 73 ஆண்கள் அன்றைக்கு ஒரு தம்ளரைக்கூடக் கழுவி வைக்கவில்லை. அவர்களையும் கணக்கில் சேர்த்தால் பெண்ணின் சராசரி 236 நிமிடம், ஆணின் சராசரி 24. இதே கணக்கை 2019க்குப் போட்டால் 243, 25. இடைவெளி 218இலிருந்து 212க்கு வந்திருக்கிறது; ஒன்றல்ல, ஆறு நிமிடம். தங்களுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன்: ஆயிரம் ஆண்டு தேவையில்லை, ஏறக்குறைய 180 ஆண்டு போதும். ஆனால் அந்த ஆறு நிமிடம் எப்படி வந்தது என்று பாருங்கள். பெண் செய்வதில் ஏழு குறைந்தது, ஆண் செய்வதில் ஒன்று குறைந்தது. இடைவெளி சுருங்கியது ஆண் கைகொடுத்ததால் அல்ல. இருந்த கையையும் அவன் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறான். எந்த வழியில் போனாலும் அந்த ஒரு நிமிடம் நம்மை விடுவதாக இல்லை.

இனி மலைக்கு வருவோம். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரை என்று மேல்மலை ஊர்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி கொட்டும். அங்கே வெந்நீர் என்பது சொகுசு அல்ல. குளிக்க, கைக்குழந்தையைக் குளிப்பாட்ட, பெரியவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க என்று காலையில் முதலில் ஏறுவது வெந்நீர்ப் பானைதான். சிலிண்டர் வந்த வீட்டிலும் அதைத் தேநீருக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொண்டு, வெந்நீருக்கு விறகு எரிப்பதே வழக்கம். விறகு காட்டில் இருக்கிறது. தோல் பதனிடும் பட்டைக்காக வனத்துறை எப்போதோ நட்டு வளர்த்த வாட்டில் மரம், சோலையையும் புல்வெளியையும் விழுங்கியதுபோக இந்த ஒரு உபகாரத்தைச் செய்கிறது. காய்ந்த கம்புகளைப் பொறுக்கி, ஒரே நீளத்துக்கு ஒடித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, தலையில் சும்மாடு வைத்து, இன்னொருத்தி கைகொடுத்துத் தூக்கிவிட, சறுக்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். பாதி வழியில் இறக்கி இளைப்பாறலாம் என்றால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். ஆகையால் இளைப்பாறுவதில்லை. 2013இல் இந்தக் காடுகளில் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, கட்டோடு இறங்கும்போது எதிரே காக்கிச்சட்டை வருகிறதா என்று பார்க்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

தங்கள் 289 நிமிடத்துக்குள் இந்த விறகுக் கட்டு இல்லை. இதைத்தான் நாடறியச் சொல்ல வேண்டும். ஐ.நா. வகுத்த பட்டியலைத் தாங்கள் பின்பற்றுகிறீர்கள். அந்தப் பட்டியலில் விறகு பொறுக்குவதும் தண்ணீர் எடுத்து வருவதும் ‘சொந்தப் பயன்பாட்டுக்கான பொருள் உற்பத்தி’. அது வேறு வரிசை, வேறு எண். விறகைத் தலையில் சுமக்கும்வரை அவள் உற்பத்தியாளர். அதே விறகை அடுப்பில் செருகி ஊதத் தொடங்கியதும் இல்லத்தரசி. ஒரே பெண், ஒரே விறகு, நடுவில் வாசற்படி மட்டும். பகுப்புக்குப் பொருளாதாரக் காரணம் உண்டு என்பது தெரியும். தேசிய வருமானக் கணக்கில் பொருளுக்கு இடம் உண்டு, வீட்டுக்குள் செய்யும் சேவைக்கு இடமில்லை. நியூசிலாந்தின் மேரிலின் வாரிங் 1988இல் ஒரு முழுப் புத்தகம் எழுதிக் கேட்ட பிறகும் அந்த வேலி அப்படியேதான் நிற்கிறது. கணக்குப் பிள்ளைக்கு இரண்டு பேரேடு தேவைப்படலாம். வீட்டு வேலையின் சுமை எவ்வளவு என்று நாட்டுக்கு அறிவிக்கும்போதும் ஒரு பேரேட்டை மூடிவைத்துவிட்டு மற்றதை மட்டும் விரித்துக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? நெடுங்காலம் வண்டிப்பாதையே இல்லாமல் இருந்த வெள்ளகவி என்ற மலையூரில் ஒரு பெண்ணின் நாளில் எத்தனை நிமிடம் நடையிலும் சுமையிலும் போயிருக்கும் என்பதை 289 சொல்லாது. நகரத்தில் குழாயைத் திறக்கிறவளும் மலையில் குடம் சுமக்கிறவளும் அந்த ஒரே எண்ணுக்குள் அக்கா தங்கையாகி, முகம் தெரியாமல் போகிறார்கள்.

தாங்கள் நேரத்தை அளக்கும் விதமும் ரசிக்கத்தக்கது. விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை மணி அரை மணியாகக் கட்டம். ஒரு கட்டத்துக்குள் பல வேலை நடந்தால், பத்து நிமிடமாவது நீடித்தவை மட்டும் பதிவாகும். காலை ஐந்தரை முதல் ஆறு வரையான ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அடுப்பை ஊதிவிட்டு, உலையில் அரிசியைப் போட்டு, அழுகிற பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மாமியாருக்கு மாத்திரையும் வெந்நீரும் கொடுத்து, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, கணவர் தேடும் சட்டை கொடியில் அவர் கண்ணெதிரிலேயே தொங்குவதைச் சுட்டிக்காட்டி, முதல் நாள் கட்டி வைத்த மலைப்பூண்டுக் கொத்துகளைப் புகை படும் இடத்தில் தூக்கி மாட்டுகிறாள். எதுவும் பத்து நிமிடத்தைத் தொடவில்லை. பாவம், அவள் அந்த அரை மணியில் எதையுமே செய்யவில்லை. (அந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மாட்டிய கைக்கு இன்னும் குறியீட்டு எண் கிடைக்கவில்லை.) இத்தனைக்கும் பெண்ணின் நேரத்தை நிமிட சுத்தமாகப் பிடிக்க அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செயலியில் இரண்டு புகைப்படம் கட்டாயம் ஆனது. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. கூலி கொடுக்கும் நேரமென்றால் முகத்தைக் காட்டு, இருக்குமிடத்தைக் காட்டு, சிக்னல் இல்லாவிட்டால் மேடேறி நின்று காட்டு. கூலி கொடுக்காத நேரமென்றால் பத்து நிமிடத்துக்குக் கீழே எல்லாம் தூசு. இது அளவை முறையில் உள்ள குறை அல்ல. யாருடைய நேரத்துக்குப் பணம் போகிறதோ அதை மட்டும் உற்றுப் பார்க்கும் கண். ஒருத்தியின் இடுப்பெலும்பு தேய்வதைக் ‘குறைந்த கால அளவு’ என்று தள்ளுவதற்கு மனசாட்சி கூசவில்லையா? மன்னிக்க வேண்டும், மலைக்குளிரில் குரல் சற்றுக் கரகரத்துவிட்டது. தங்கள் ஆய்வு 1,39,487 வீடுகளுக்குச் சென்ற மாபெரும் முயற்சி என்பதை மறப்பேனா?

“ஆண் வெளியே மாடாய் உழைக்கிறான், வீட்டிலும் அவனையே வாட்டுவதா?” என்று கேட்பவர்கள் உண்டு, தங்கள் துறையிலும் இருக்கலாம். 15 முதல் 59 வயதில், ஆய்வு நாளில் வருமானம் தரும் வேலையில் இருந்த ஆண்கள் நூற்றுக்கு 75, பெண்கள் 25 என்பது தங்கள் கணக்கு. 2019இல் 70.9, 21.8. இருவருக்கும்தான் கூடியிருக்கிறது. பெண் விஷயத்தில் வெளிவேலை கூடி வீட்டு வேலை குறைந்தால் அது ‘நகர்வு’. ஆண் விஷயத்தில் அதே இரண்டும் நடந்தால் அதற்குப் பெயரே இல்லை, அது அவன் பிறப்புரிமை. மேலும், மலையில் அந்த 25க்குள் வருகிறவள் யார்? காரட் பிடுங்கி, கழுவி, மூட்டை பிடிக்கிறவள். கீழ்மலைக்கு இறங்கினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கிறவள், மிளகு உதிர்க்கிறவள். மாலையில் அவளும் கணவரும் ஒரே ஜீப்பிலிருந்து இறங்குகிறார்கள். அவர் திண்ணையில் உட்காருகிறார், அவள் அடுப்படிக்குப் போகிறாள். உழைத்த களைப்புக்கு ஓய்வு நியாயம் என்றால், ஒரே காட்டில் ஒரே நாளில் உழைத்த இருவரில் ஒருவருக்கு மட்டும் களைப்பு எப்படி வந்தது? வெளிவேலைக்குப் போகும் பெண்ணிடமிருந்து வீட்டு வேலை ‘நகர்ந்து’ எங்கும் போவதில்லை, தூக்கத்தில் கைவைக்கிறது. வீட்டு வேலை பாசத்தால் செய்வதுதானே என்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. பாசம் உள்ள ஆண்களும் நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பாசம் ஐந்தாண்டில் ஒன்பது நிமிடம் தேய்ந்திருக்கிறது என்று தாங்களே சொல்கிறீர்கள். 2018இல் இந்த மலையில் குறிஞ்சி பூத்தது, அடுத்தது 2030. முதலில் போட்ட கணக்கின்படி, ஒரு பூப்புக்கும் மறு பூப்புக்கும் நடுவில் ஆண் பெண் இடைவெளி இரண்டரை நிமிடம்கூடக் குறையாது. குறிஞ்சி இன்னும் 84 முறை பூத்து உதிர்ந்த பிறகு, அந்தக் கடைசி நிமிடமும் தீர மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

வேலை எப்போது உண்மையிலேயே குறைந்தது என்று தேடிப் பார்த்தால், ‘நகர்வு’ என்ற மந்திரம் தேவைப்படாத விடைகள் கிடைக்கின்றன. 2011இல் ஜெயலலிதா அரசு மிக்சி, கிரைண்டர் கொடுத்தபோது நகரத்துப் பத்தி எழுத்தாளர்கள் இலவசம் என்று மூக்கைச் சுளித்தார்கள். ஆட்டுக்கல்லின் முன் குந்திய முதுகுகள் சுளிக்கவில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தைப் பிள்ளைகளின் பசி, வருகை என்ற கண்ணோடு மட்டுமே பேசுகிறார்கள். காட்டு வேலைக்கு விடியுமுன் கிளம்பும் தாய்க்கு ஒரு வேளைச் சமையல் வீட்டைவிட்டே வெளியேறியதும் அந்தத் திட்டத்தின் பலன்தான். இரண்டிலும் ஆணிடம் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஒன்றில் இயந்திரம் நேரத்தைச் சுருக்கியது, மற்றதில் பொதுச் சமையல் வேலையை எடுத்துக்கொண்டது. தண்ணீர்க் குழாய், அருகில் ஒரு பிள்ளைக் காப்பகம், ஊருக்குள் வந்து திரும்பும் பேருந்து எல்லாம் இந்த வகைதான். இவற்றை அளந்து, எந்தத் திட்டம் எத்தனை நிமிடம் விடுவித்தது என்று தாங்கள் சொல்லியிருந்தால் நாடு ஏதாவது கற்றுக்கொண்டிருக்கும். அரசு அடுப்படிக்குள் மூக்கை நுழைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று: அடுப்படியின் அரிசி, எரிவாயு, மின்சாரம் மூன்றிலும் அரசு ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. எல்லை வகுக்கவும் அதற்குத் தெரியும்: 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்குள் நுழைய வாகனங்களுக்கு இ-பாஸ். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பணியை ஐஐடியும் ஐஐஎம்மும் ஏற்றன. 2025 கோடையில் சென்னை உயர்நீதிமன்றம் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று எல்லை கட்டியது. நல்ல காரியம். மலையின் தாங்குதிறனுக்கு இத்தனை பேர் கவலைப்படும்போது, அதே மலையில் ஏறி இறங்கும் பெண்ணின் தாங்குதிறனுக்கு ஒரு இ-பாஸ் முறை கொண்டுவந்தால் என்ன? ஒரு நாளைக்கு இத்தனை குடம், இத்தனை கட்டு, அதற்கு மேல் அனுமதியில்லை.

தங்கள் எண்கள் யாருக்கும் பயன்படவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2021 ஜனவரியில், கீர்த்தி என்ற வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி என்.வி. ரமணா 299, 97 என்ற அதே எண்களை எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பிட்டாக வேண்டும் என்று எழுதினார். ஆனால் அது சாலை விபத்து இழப்பீட்டு வழக்கு. பெண்ணின் நிமிடத்துக்கு விலை கிடைக்க அவள் முதலில் சாலையில் அடிபட்டுச் சாக வேண்டியிருக்கிறது. அதற்கு முன், 2010இல் இன்னொரு இழப்பீட்டு வழக்கில், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து ‘வேலை செய்யாதோர்’ என்று வைத்ததை அதே நீதிமன்றம் கண்டித்தது. அது தங்கள் துறை அல்ல, உள்துறையின் பதிவாளர் அலுவலகம். பக்கத்து வீட்டுப் பழிக்குத் தங்களைத் திட்ட மாட்டேன். உயிரோடு இருப்பவளுக்கு விலை போடத் தமிழ்நாடு முயன்றது: 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய், பெயர் உரிமைத் தொகை. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதற்கு அந்த அரசுக்கு ஒரு கும்பிடு. தங்கள் 289 நிமிடத்தை முப்பது நாளால் பெருக்கி அந்த ஆயிரத்தை வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. கொடைக்கானல் ஏரிக்கரையில் அந்தக் காசுக்கு ஒரு சோளக்கதிர் கிடைக்காது. அது கூலி அல்ல, அடையாளம் என்பார்கள். சரி, அடையாளமாகவே இருக்கட்டும். அசல் எப்போது வரும் என்று கேட்பதற்குத்தானே அடையாளம்?

அடுத்த ஆய்வுக்கு மூன்று சிறிய விண்ணப்பங்கள் உண்டு. ஆண் நிமிடம், பெண் நிமிடம் என்ற இரண்டு பத்திக்குப் பக்கத்தில் மூன்றாவதாகக் கழித்தல் விடைக்கும் ஒரு பத்தி விடுங்கள். அச்சுச் செலவு அதிகமாகாது. விறகையும் தண்ணீரையும் வீட்டு வேலையோடு கூட்டிய ஒரு வரியை, மலை மாவட்டங்களுக்குத் தனியாக, முதல் பக்கத்திலேயே போடுங்கள். பெண்ணின் வேலை குறைந்தது என்று எழுதும் இடத்தில், அதை யார் எடுத்துக்கொண்டார் என்பதையும் எழுதுங்கள்: மூத்த மகளா, கிழவியா, இயந்திரமா, அரசா, அல்லது அரிதினும் அரிதாக வீட்டுக்காரரா. பத்து வயதுப் பெண்பிள்ளையின் விளையாட்டு நேரத்திலிருந்து எடுத்த நிமிடத்தைத் தாயின் முன்னேற்றம் என்று எழுதிவிடக் கூடாது பாருங்கள். கணக்கெடுப்பாளரை எப்போது அனுப்புவது என்பதுதான் சிக்கல். காலையில் வந்தால் உலை கொதிக்கும், பகலில் வந்தால் காட்டில் இருப்பார்கள், மாலையில் வந்தால் மறுபடி உலை. வீட்டில் ஓய்வாக இருப்பவரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றால் திண்ணையில் அவர் இருப்பார். மனைவியின் நாளைப் பற்றி அவர் சொல்லும் விடையைத் தாங்களே பார்த்து அச்சிடுங்கள். அவளே நின்றபடி, ஒரு கையில் அகப்பையோடு பதில் சொன்னால், பதில் சொன்ன அந்த நேரம் மறுநாள் விசாரணையில் எந்தக் குறியீட்டு எண்ணின் கீழ் வரும் என்பதையும் கையோடு தெரியப்படுத்தினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் எண்களைத் தவறாமல் படிக்கும்
மலைவாழ் வாசகர்